பக்கத்துக் கூண்டு

பத்துபஸ்தியில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்னறையில் என் அண்ணன் சுதாகரை வைத்துப் பூட்டிவிட்டார் அப்பா. ஆஸ்பத்திரியில் அப்போதுதான் குடியை நிறுத்தி அனுப்பியிருந்தார்கள். மறுபடி குடித்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அந்த ஷாதிபூர் தோஸ்துங்கதான் இவனக் கெடுத்தது. ஒருத்தன் மூஞ்சியையும் இவன் பாக்கக் கூடாது" என்றார் அப்பா.

அப்பா ரோடு காண்ட்ராக்டர். எதற்கும் தடுப்பு வைத்துத்தான் அவருக்குப் பழக்கம். நானோ ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு மாரடிக்கிறவள். கூண்டுக்கு இரண்டு குப்பி, ஒன்றில் தண்ணீர், மற்றதில் சாராயம் கலந்த தண்ணீர். எங்கள் எலிகளில் தனியாகக் கிடப்பது சாராயத்தைத்தான் தேடிப் போகும். கம்பிவலைக்கு அந்தப் பக்கத்துக் கூண்டில் இன்னொன்று குடித்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். குடிக்காத துணையோடு விட்டால் பல எலிகள் குறைத்துக்கொள்ளும். எல்லாம் அல்ல, பல. இதைச் சொன்னால் அப்பா காதில் ஏறினால்தானே!

அன்று சாயங்காலமும் அப்பா வழக்கம்போல ஹாலில் உட்கார்ந்து ரம் ஊற்றினார். பூட்டிய கதவு அவர் நாற்காலிக்குப் பின்னால்தான். கிளாஸில் ஐஸ் விழுகிற சத்தம் சமையலறையில் இருந்த எனக்கே கேட்டது. உள்ளே இருக்கிறவனுக்குக் கேட்காதா? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அப்பாவின் சாமான் பையிலிருந்து சுத்தியலை எடுத்துப் பூட்டை உடைத்தேன்.

"ஏய் ப்ரியங்கா, பாகல் ஹோ கயி க்யா? பைத்தியமாடி உனக்கு?"

"பூட்டுறதா இருந்தா பாட்டிலப் பூட்டுங்க. தோஸ்துங்க ஷாதிபூர்ல இருக்காங்க. நீங்க கதவுக்கு இந்தப் பக்கமே இருக்கீங்க."

"எலியும் எம்புள்ளையும் ஒண்ணாடி?"

"இல்லப்பா. பக்கத்துல குடிக்கிறது அப்பான்னு எலிக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும்."

சுதாகர் வெளியே வந்து நின்றான். அவன் கண் அவனையும் மீறி கிளாஸுக்குப் போனது. அப்பா அதைப் பார்த்துவிட்டார். சட்டென்று எழுந்து, பாட்டிலையும் கிளாஸையும் தூக்கிக்கொண்டு பின்னறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

"போங்க ரெண்டு பேரும்! எவனும் என்னப் பாக்க வேணாம்!"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கதவை உதைக்கப் போனேன். சுதாகர் என் கையைப் பிடித்து நிறுத்தினான். பிறகு அந்தக் கதவின் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"அப்பா, உள்ள இருந்தவன் சொல்றேன், கேளுங்க. தனியா இருந்தா குடி இன்னும் கூப்பிடும். வெளிய வாங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."