வெள்ளைத்தாழைக்கு எந்தப் பக்கம்?

எங்கள் ஊர் மத்தியதரைக் கடற்கரை ஊராக மாறிய வாரத்தில் மீன் பிடிக்கப் போயிருந்த என் கணவர் அதற்குப் பிறகு இந்தக் கரையில் ஏறவே இல்லை. தொலைந்துபோய்விடவில்லை. தினமும் வருவார். கரைக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் வள்ளத்தை நிறுத்தி, "தாயி, வெள்ளைத்தாழைக்கு எந்தப் பக்கம் போவணும்?" என்று என்னிடம் கேட்பார். இதுதான் வெள்ளைத்தாழை என்று நான் சொல்வேன். அவர் சிரித்துவிட்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுத்த ஊரைப் பார்க்கப் போய்விடுவார்.

அவர் பெயர் கஸ்பார். என் பெயர் பெர்பெத்து. கல்யாணமாகிப் பல வருடமாகிறது. பெற்ற தாயை மறந்தாலும் ஊரை மறக்காத மனுசன் அவர். அதனால்தான் இவ்வளவு சிரமம்.

நாலைந்து நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பதை நாங்கள் தங்கல் என்போம். அவர் தங்கலுக்குப் போன காலையில் ஊர் ஊராகத்தான் இருந்தது. அன்று மத்தியானம் ஓட்டல் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். சுவர்களுக்கெல்லாம் வெள்ளை அடித்தார்கள். கோயில் கோபுரத்தின் சிலுவைக்குக் கீழே நீலத்தில் ஒரு குடத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். ஊருக்குச் சாந்தா லூசியா என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் வாய்க்கு வசதியாகச் சாந்தாக்கா என்று சொல்லிக்கொள்கிறோம்.

கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. எதையும் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியதரைக் கடலோரத்தில் நிஜமாகவே ஓர் ஊர் இருக்கிறதாம். எங்களைப் போல மீன் பிடித்துப் பிழைத்து, பிறகு பணக்காரர்களும் நடிகைகளும் வந்து தங்கும் இடமாகி, அந்தப் பகட்டு அலுத்துப்போன ஊர். அங்கே வருகிறவர்கள் இப்போது பனையும் கருவாடும் கேட்கிறார்களாம். ஆகவே ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டார்கள். அவர்களுடைய ஆலிவ் மரம் இங்கே வந்தது, எங்கள் இரட்டைப் பனை அங்கே போனது. அவர்களுடைய நீலக் கதவுகள் வந்தன, எங்கள் தகரக் கதவுகள் போயின. எங்கள் கருவாட்டு நாற்றத்துக்கு எலுமிச்சை வாசனை கிடைத்தது. பூனைகளைக்கூட மாற்றினார்கள். புதுப் பூனைகளுக்கு மீனைத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, மற்றபடி தொந்தரவு இல்லை.

சூரியன் விஷயத்தில்தான் கொஞ்சம் இழுபறி. எங்கள் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் அதிலிருந்து எழும்பும். விருந்தாளிகளுக்கோ அது கடலில் மறைய வேண்டும். சூரியனை மாற்றிக்கொள்ள அந்த ஊர் சம்மதிக்கவில்லை. எனவே காலையை மாலை என்று அழைப்பதென்று முடிவாயிற்று. விடிகிற நேரத்தில் மணலில் மேஜை போட்டு மெழுகுவத்தி ஏற்றுகிறோம். கோட்டும் பட்டுக் கவுனும் போட்டுக்கொண்டு விருந்தாளிகள் வந்து உட்கார்ந்து, சூரியன் மேலே ஏற ஏற, ஐயோ போய்விட்டதே என்று பெருமூச்சு விடுகிறார்கள். பிறகு குட் நைட் சொல்லிவிட்டு உச்சி வெயிலில் மணலிலேயே படுத்துத் தூங்குகிறார்கள்.

என்னைக் கரையில் வரவேற்புக்கு நிறுத்தினார்கள். கோடு போட்ட சட்டை, வைக்கோல் தொப்பி. எனக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுக்க அந்த ஊரிலிருந்தே கார்மேலா என்று ஒருத்தி வந்தாள். என் வயதுதான் இருக்கும். பல் தெரிய வேண்டும், ஆனால் பசிக்கிற மாதிரி தெரியக் கூடாது, அதுதான் அவள் பாடம். நல்ல பொம்பளை. இங்கே எதுவும் சும்மா இல்லை என்பதால், பதிலுக்கு அவள் என்னிடம் ஒன்று கற்றுக்கொண்டு போக வேண்டும். என்னிடம் என்ன இருக்கிறது? திட்டு இருந்தது. வள்ளம் கரை தட்டும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு நான் கஸ்பாரைத் திட்டுவது ஊரிலேயே பேர்போனது. "ஏ மனுசா, சோறு ஆறி அவலமாக் கெடக்கு, நீரு கடலுக்குப் பொண்ணு பாக்கப் போனீரோ?" என்று ஆரம்பித்தால் மீனைப் பிரித்துக் கூடையில் போடும்வரை ஓயாது. கார்மேலா அதை ஒரு எழுத்து விடாமல் கற்றுக்கொண்டு, என்னைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, விமானம் ஏறிப் போனாள்.

அதற்கு மறுநாள்தான் கஸ்பார் தங்கல் முடிந்து வந்தார்.

எங்கள் ஆட்கள் கடலிலிருந்து ஊரைக் கண்ணால் தேடுவதில்லை. இரண்டு அடையாளங்கள் சேரும் நேர்கோட்டால் தேடுவார்கள். கோயில் கோபுரம் இரட்டைப் பனையின் இரண்டு தலைகளுக்கும் நடுவே வந்து நின்றால் வள்ளம் நேராக வெள்ளைத்தாழைத் துறைக்கு நிற்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் வடக்கே விலகினால் பாறை. அப்பனும் பாட்டனும் அப்படித்தான் கரை ஏறினார்கள். கஸ்பார் வந்து பார்த்தபோது பனையும் இல்லை, கோபுரத்தின் தலையில் நீலக் குடம். ஆகவே இது வேறு ஊர். வேறு ஊர்த் துறையில் கேட்காமல் வள்ளத்தை ஏற்றுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. அதற்காக மண்டைகள் உடைந்திருக்கின்றன. என் கணவர் மரியாதை தெரிந்தவர்.

"இதுதாங்க நம்ம ஊரு," என்றேன்.

"எங்க ஊர்ல விடியக்காலம் எவனும் கோட்டு மாட்டிக்கிட்டு சாப்பிட மாட்டான் தாயி," என்றார். வள்ளத்தில் நின்றபடி மேஜைகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். விருந்தாளிகள் கையசைத்தார்கள். அவரும் அசைத்தார்.

"நான் பெர்பெத்துங்க. உங்க வீட்டுக்காரி."

அவர் என்னை நன்றாகத்தான் உற்றுப் பார்த்தார். "முகம் அவ முகம் மாதிரிதான் இருக்கு," என்றார். "ஆனா அவ இப்படிச் சிரிக்க மாட்டா. இந்நேரம் அவ வாயில நான் கிழிஞ்சி தொங்கியிருப்பேன்."

எனக்கும் திட்டத்தான் ஆசை. நெஞ்சு முட்டத் திட்டு இருந்ததாக நினைத்தேன். இடுப்பில் கை வைத்து, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தேன். "உங்கள் வருகை எங்களுக்கு மகிழ்ச்சி அளிக்கிறது," என்று வந்தது. பல் தெரிந்தது. பசிக்கிற மாதிரி தெரியவில்லை.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் கரையில் நின்று சிரித்துக்கொண்டே அழுதேன். ஒரு விருந்தாளி கைக்குட்டை கொடுத்தார்.

அன்றிலிருந்து தினமும் வந்தார். வடக்கே போய்த் தேடிவிட்டு வருவார், தெற்கே போய்த் தேடிவிட்டு வருவார். எல்லா ஊரும் பார்த்தாகிவிட்டதால் ஒருவேளை இங்கே ஏதாவது தகவல் கிடைக்குமா என்று மறுபடி கேட்பார். ஓட்டல் படகுக்காரன் அவர் பிடித்த மீனை வாங்கிக்கொண்டு அரிசியும் தண்ணீரும் கொடுத்துவிடுவான். ஒரு நாள் நான் சமையல்காரனிடம் சொல்லி அவருக்குப் பிடித்த புளிக்குழம்பைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள், "நீங்க கொடுத்த கொளம்பு எங்க வீட்டுக் கொளம்பு மாதிரியே இருந்துச்சு தாயி, நல்லா இருப்பிய," என்று வாழ்த்திவிட்டுப் போனார். வள்ளத்தில் ஏறி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றும். எங்கள் ஊரில் பெண்கள் வள்ளத்தில் ஏறும் வழக்கம் இல்லை. நான் ஏறினால் வெள்ளைத்தாழைக்காரி இல்லை என்பது அவருக்கு உறுதியாகிவிடும்.

பனையை வரவழைக்கலாமா என்று மேனேஜர் பிரிட்டோவிடம் போனேன். பிரிட்டோ தூத்துக்குடிப் பையன், தங்கமானவன்.

"பனை அங்க வேர் பிடிச்சிருச்சுக்கா," என்றான். "நொங்குகூட வெட்டியாச்சாம்."

"அப்ப என் மனுசன் எப்படிக் கரை ஏறுவாரு?"

அவன் குனிந்து தன் ஷூவிலிருந்த மணலைத் தட்டினான். "கெஸ்ட் எல்லாருக்கும் அண்ணனைத்தான் ரொம்பப் பிடிக்குதுக்கா. சன்செட்டுக்கு முன்னாடி அவரு வந்து வழி கேக்கலைன்னா சாப்பாடே இறங்கலைங்கறாங்க. அவரு கரை ஏறிட்டா நாங்க என்னத்தக் காட்டுறது?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில் அவனைப் பார்த்து அழகாகச் சிரித்தேன்.

பிறகு நானே ஒரு காரியம் செய்தேன். பனை நின்ற இடத்தில் நீள மூங்கில் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் இரண்டு துடைப்பங்களைத் தலைகீழாகக் கட்டினேன். பக்கத்து வீட்டுச் செசிலி வந்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் சிரிப்புப் பயிற்சி ஒரே வகுப்பில்தான் நடந்தது. அலை விளிம்பிலிருந்து பார்த்தால் கோபுரம் துடைப்பங்களுக்கு நடுவே வரும்படி அங்குலம் அங்குலமாக நகர்த்தி நிறுத்தினோம். விருந்தாளிகள் அதைச் சிற்பம் என்று நினைத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கஸ்பார் வந்தார். கண்ணுக்கு மேலே கையை வைத்து வெகுநேரம் பார்த்தார். வள்ளத்தின் மூக்கு ஒரு முழம் கரைப் பக்கமாகத் திரும்பியது. நான் மாதாவே மாதாவே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அது துடைப்பம் தாயி," என்றார் கடைசியில். குரலில் ஒரு வருத்தம் இருந்தது, எனக்காக வருத்தப்படுகிற மாதிரி.

அதற்கப்புறம் பல வாரம் அவர் வரவில்லை. விருந்தாளிகள் மேஜையில் முள்கரண்டியைத் தட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார்கள். புயலா, பாறையா, என்னென்னவோ நினைத்தேன்.

ஒரு மாலை, அதாவது சூரியன் எழும்பும்போது, வள்ளம் தெரிந்தது. கஸ்பார் சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார். முகத்தில் களை இருந்தது.

"தாயி, ஊரு கெடைச்சிருச்சு!" என்று தூரத்திலிருந்தே கத்தினார். "நீங்க தெனம் தெனம் கவலைப்பட்டியளே, சொல்லிட்டுப் போவமுன்னு வந்தேன்."

"எங்கங்க?"

"தெக்க போயி மேக்க திரும்பி, அப்படியே போய்க்கிட்டே இருந்தேன். ரொம்ப தூரம்தான். ஒரு வாய்க்கால்கூட வந்துச்சு, கப்பலுங்க வரிசையா நின்னுச்சி, நானும் வரிசையில நின்னு போனேன். அதுக்கு அப்பால பாத்தா ரெட்டைப் பனை! ரெண்டு தலைக்கும் நடுவுல கோவுரம்! கருவாட்டு மணம் மூக்கைத் தொளைக்குது. எங்க ஊருப் பூனைங்ககூட நிக்கி."

நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

"அப்பவும் எனக்குச் சந்தேகந்தான். வள்ளம் கரை தட்டுச்சா, பெர்பெத்து வந்தா. இடுப்புல கைய வச்சா. 'ஏ மனுசா, சோறு ஆறி அவலமாக் கெடக்கு'ன்னு ஆரம்பிச்சா பாருங்க, நான் அங்கனயே மண்ணுல விழுந்து கும்பிட்டேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை நாளும் எந்தக் கரையிலயும் ஒருத்தரும் என்னைத் திட்டலை தாயி. எல்லாரும் சிரிச்சிய. மனுசன் எத்தனை நாளுதான் தாங்குவான்?"

"அவ நல்லா இருக்காளா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"இருக்கா. வெயில்ல கொஞ்சம் செவந்துட்டா. தமிழு கொஞ்சம் வளையுது. மத்தபடி அவதான்."

அவர் வள்ளத்தைத் திருப்பினார். எங்கள் பக்கம் கடலுக்குப் போகிறவர் போயிட்டு வாரேன் என்றுதான் சொல்வார். போறேன் என்று யாரும் சொல்வதில்லை. கஸ்பார் என்னைப் பார்த்து இரண்டு கையும் குவித்து, "அப்ப போறேன் தாயி," என்றார். வேறு ஊர்க்காரியிடம் வேறெப்படிச் சொல்வார்?

எனக்குக் கார்மேலாமேல் கோபம் இல்லை. அவள் என் திட்டை வீணாக்கவில்லை. ஆனால் அதை விமானம் ஏற்றி அனுப்பிய அன்றைக்கு அது எனக்கு எதற்குப் பயன்படும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது. எரியும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுநாள் பிரிட்டோ வந்தான். விருந்தாளிகள் பாதிப் பேர் சாப்பிடவில்லை, அண்ணன் இடத்தில் யாராவது வந்து வழி கேட்க வேண்டும் என்றான். சாந்தா லூசியாவில் பெண்கள் வள்ளத்தில் ஏறலாம், அதற்குத் தடை ஏதும் இல்லை என்றும் சொன்னான். நான் தொப்பியையும் கோடு போட்ட சட்டையையும் கழற்றிச் செசிலியிடம் கொடுத்தேன்.

அடுத்த நாள் விடியுமுன் நான் கம்பெனி கொடுத்த வள்ளத்தில் கடலுக்குப் போய், மெழுகுவத்தி ஏற்றியதும் கரையை நோக்கித் துடுப்புப் போட்டேன். ஒரு கூப்பிடு தூரத்தில் நிறுத்தினேன். விருந்தாளிகள் கையசைத்தார்கள், நானும் அசைத்தேன். நடிப்பாகத்தான் கேட்டேன்.

"தாயி, வெள்ளைத்தாழைக்கு எந்தப் பக்கம் போவணும்?"

"இதுதான் வெள்ளைத்தாழை மேடம், உங்கள் வருகை எங்களுக்கு மகிழ்ச்சி அளிக்கிறது," என்றாள் செசிலி.

கடலிலிருந்து ஊரை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தேன். பனை இல்லை. கோபுரத்தில் நீலக் குடம். கரையில் ஒரு பொம்பளை சிரித்துக்கொண்டு நிற்கிறாள். முகம் செசிலி முகம் மாதிரிதான் இருந்தது.

"இது இல்ல தாயி," என்றேன். கும்பிட்டுவிட்டு வள்ளத்தைத் திருப்பினேன்.

தெற்கே போய் மேற்கே திரும்ப வேண்டும். வாய்க்காலில் வரிசை இருக்குமாம். யாராவது திட்டுகிற கரையாகப் பார்த்து ஏறிக்கொள்வேன்.