வள்ளியம்மாவுக்குக் கொடுத்த விலக்கு

எங்கள் ஊர்ப் பொதுமண்டபத்துக்கும் எங்கள் ஒட்டுக்கடையின் அடுப்படிக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவரும் அதில் ஒரு ஜன்னலும்தான். கூட்டத்துக்குப் பெண்கள் வரக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, வந்ததில்லை, அவ்வளவுதான். நான் போகவேண்டிய தேவையும் இருந்ததில்லை. கூட்டம் தானாகவே ஜன்னல் வழியாக என் அடுப்படிக்கு வந்துவிடும். காதில் விழாமல் போனதைத் தேநீர்த் தட்டைக் கொண்டுபோகிற சாக்கில் உள்ளே போய்ப் பொறுக்கிக்கொள்வேன்.

புக்கிட் ரோத்தானிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கினால், கம்பம் என்று நாங்கள் சொல்லும் எங்கள் ஊர். ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது கூலிக் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியேறியவர்கள், கரையோரப் புறம்போக்கில் பலகை அடித்துக் கட்டிக்கொண்ட வீடுகள். மொத்தம் நாற்பத்தெட்டு. எந்த வீட்டுக் கொடியில் எத்தனை சேலை காய்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும். வீட்டு எண்ணிக்கையா தெரியாது?

எண்பத்தொன்றாம் வருஷம் இங்கே கோழிகள் களவு போகத் தொடங்கின. அப்புறம் ஒரு சைக்கிள். அப்புறம் கோயில் ஒலிபெருக்கி. அதில் மட்டும் பாதி ஊருக்கு ரகசிய சந்தோஷம். போலீஸ்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். எங்கள் கடையில் தே குடித்தார். ருக்குன் தெத்தாங்கா ஆரம்பியுங்கள், ஆண்கள் முறைவைத்து ஊரைச் சுற்றிக் காவல் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன மறுவாரமே செயற்குழு பிறந்துவிட்டது. தலைவர் ஐயாவு, தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோராக இருந்து ஓய்ந்தவர். செயலாளர் துரைசிங்கம், அதே தோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸ் கணக்கெழுதிய பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்குச் சாலையோரத்தில் சொந்த நிலத்தில் கல்வீடு உண்டு. எங்களோடு சேர்ந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. ஓய்வுபெற்ற பிறகு எழுத ஒன்றுமில்லாமல் அவருக்குக் கை அரித்தது என்பது என் கருத்து. என் வீட்டுக்காரர் சேக் பரீது உறுப்பினர். கூட்டத்தில் அவர் வாய் திறந்து நான் கேட்டது, "மெகராஜு, இன்னும் ரெண்டு தட்டு வடை" என்பதை மட்டும்தான்.

துரைசிங்கம் குடையும் நோட்டுமாக வீடு வீடாகப் போய் ஆண்களின் பெயர்களை எழுதினார். ஒரு வீட்டில் மூன்று ஆண் இருந்தால் மூன்று வரி. ஐயாவு வீட்டில் அவரும் இரண்டு மகன்களும். எங்கள் வீட்டில் இவரும், கடைக்குப் பின்னால் படுத்துக்கொள்ளும் என் கொழுந்தன் உதுமானும். வள்ளியம்மா வீட்டில் எழுத ஆளில்லை. அவள் புருஷன் செல்லன் லோரியிலிருந்து விழுந்து செத்து மூன்று வருஷமாகியிருந்தது. அவளும் பள்ளிக்கூடம் போகிற ஒரு மகளும்தான். "என் பேர எழுதிக்குங்க கிராணியய்யா" என்றாளாம். அவரும் பென்சிலால் எழுதிக்கொண்டாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம். துரைசிங்கம் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தவர், இருபத்தேழாவது வரியில் "வள்ளியம்மா" என்றதும் மண்டபம் சிரித்தது. அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னா சிரிப்பு? நான் தெனம் காலைல நாலரைக்கு நெத்தியில வெளக்கக் கட்டிக்கிட்டு பால் எடுக்க மரம் வெட்டப் போறவ. எனக்கு இருட்டு புதுசா?" என்றாள்.

லோரி அட்டெண்டன்ட் வீரன் எழுந்தான். எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன். "வள்ளியக்கா காவலுக்கு வந்தா திருடன் ஓடுறானோ இல்லியோ, நாங்க ஓடிருவோம்லா!"

"நீ ஓடுவடா. போன மாசம் மரநாய்க்கே ஓடுனவந்தானே" என்றாள்.

ஐயாவு கையை உயர்த்தி அடக்கினார். பழைய மண்டோர், கை மட்டும் இன்னும் உத்தியோகத்தில் இருந்தது. "இந்தா பாரு தங்கச்சி. புருஷன் இல்லாத பொம்பளய ராத்திரில நடக்க வுடுற அளவுக்கு நாம கெட்டுப்போயிடல. ஒனக்கு விலக்கு. என்னப்பா சொல்றீங்க?"

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டு நானும் தட்டினேன். அதோடு நிற்கவில்லை. "பேசாம படுத்துத் தூங்கு வள்ளி. மகாராணிக்குக்கூட இந்த சலுகை கெடைக்காது" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "எல்லா வீட்டுக்கும் பேரு இருக்கு. என் வீட்டுக்கு மட்டும் இல்லாமப் போவுதே" என்றாள்.

"ஏன் இல்லாமப் போகுது, பிள்ளை? 'கருணை அடிப்படையில் விலக்கு' எண்டு கூட்டக் குறிப்பில எழுதிப்போட்டன்" என்றார் துரைசிங்கம். ரூல்தடியை வைத்து அவள் பெயர்மேல் சிவப்பு மையால் நேராக ஒரு கோடு இழுத்தார்.

அடித்தல் திருத்தல் உள்ள காகிதத்தைத் துரைசிங்கம் தன் கோப்பில் வைக்கமாட்டார். அன்று சாயங்காலமே முழுப் பட்டியலையும் புதிதாகத் தட்டச்சு செய்தார். வள்ளியம்மாவின் வரி போயிற்று. இருபத்தெட்டாவது ஆள் இருபத்தேழாவது ஆனான். இடையில் ஒரு ஓட்டைகூடத் தெரியாமல் அறுபத்தொரு பெயர்கள், அடையாள அட்டை எண்களோடு, மூன்று கார்பன் நகல்கள். அப்படி ஒரு பட்டியல் செகிஞ்சான்வரை தேடினாலும் கிடைக்காது என்று அவரே சொன்னார்.

காவல் எப்படி நடந்தது என்று கேட்பவர்களுக்கு: ஒரு திருடனும் அகப்படவில்லை. ஒரு தடவை கீழ்க்கரைக் கோஷ்டியும் மேல்கரைக் கோஷ்டியும் ஒன்றையொன்று பிடித்துக் கட்டிப்போட்டன. மற்ற நாட்களில் காவல் குடிசையில் தூங்கின. விடியுமுன் மரம் வெட்டப் போகிற வள்ளியம்மாதான், "எந்திரிங்கடா, திருடன் போயிட்டான்" என்று அவர்களை எழுப்பிவிட்டுப் போவாள்.

எண்பத்திரண்டு கடைசியில் ஆறு கரை மீறியது. அடுத்த மாதம் ஆபீசர் ஒருவர் வரைபடத்தோடு வந்தார். சின்ன வயது, மரியாதையான மனிதர், தேயில் சீனி அதிகம் கேட்பார். மண்டபத்தில் மலாய்மொழியில் அவர் பேசியதைத் துரைசிங்கம் தமிழில் சொன்னார். கரையை உயர்த்தப் போகிறார்கள். வீடுகளெல்லாம் போகவேண்டும். சாலைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு மனை கிடைக்கும். பத்து நாளில் வீட்டுப் பட்டியல் வேண்டும்.

"பத்து நாள் எதுக்கு? பத்து நிமிஷம் போதும்" என்று எழுந்த துரைசிங்கம், குடையைக்கூட எடுக்காமல் தூறலில் வீட்டுக்குப் போய்க் காவல் பட்டியலின் நகலோடு வந்தார். ஆபீசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு சுத்தமான காகிதத்தை ஆபீசிலேயே பார்த்ததில்லை என்றார். துரைசிங்கத்தின் முகத்தில் அன்று கல்யாணக் களை.

"அறுபத்தொரு குடும்பமா?" என்று ஆபீசர் கேட்டார்.

"யா, துவான்" என்றார் ஐயாவு. துரைமார் எதைக் கேட்டாலும் அதைச் சொல்வது அவருக்கு நாற்பது வருஷப் பழக்கம். வேறு யாரும் விடுபடவில்லை என்று கீழே எழுதி, தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜன்னலில் நின்ற எனக்குக் கணக்கு இடித்தது. கடைக்கு வந்ததும் இவரைக் கேட்டேன். "என்னங்க, நாப்பத்தெட்டு வூட்டுக்கு அறுபத்தொண்ணுங்கிறாங்க?"

"வாய மூடு மெகராஜு. அதுல தம்பி பேரும் தனியா இருக்கு. நமக்கு ரெண்டு மனை."

நான் வாயை மூடிக்கொண்டேன். கணக்கில் ஏறியவர்கள் யார் என்று அப்போதே விரல்விட்டு எண்ணிவிட்டேன். ஐயாவு வீட்டில் இரண்டு அதிகம், வீரன் வீட்டில் ஒன்று, எங்களுக்கு ஒன்று. விடுபட்டவர் யார் என்று எண்ணத் தோன்றவில்லை. இரண்டாவது மனையில் கோழிக்கூடு எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மாதம் கழித்து மனை எண்களோடு பட்டியல் மண்டபச் சுவரில் ஒட்டப்பட்டது. வள்ளியம்மாவுக்கு ரூமி என்கிற ஆங்கில எழுத்து வாசிக்க வராது. ஆனால் தன் பெயர் எப்படியிருக்கும் என்று தெரியும். தோட்டத்துச் சம்பளச் செக்ரோலில் பத்து வருஷம் பார்த்த உருவம். அந்த உருவத்தைத் தேடி மேலிருந்து கீழே மூன்று தடவை விரலை ஓட்டினாள். பிறகு ஜன்னலுக்கு வந்தாள்.

"அக்கா, என் பேரு எங்கயோ ஒளிஞ்சிருக்கு. வந்து பாரேன்."

போய் வாசித்தேன். அறுபத்தொரு பெயரையும் வாசித்தேன். வாசித்து முடிக்கும்போது எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. "கிராணியக் கேளு" என்று மட்டும் சொன்னேன்.

துரைசிங்கம் பழைய கோப்பைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். "என்ர பிழை, பிள்ளை. முழுக்க என்ர பிழை. நான் எழுதி எடுத்துத் தாறன்." அன்றே ஒரு கடிதம் போயிற்று. ஒரு வீடு விடுபட்டுவிட்டது, ஒரு மனை கூடுதலாகத் தரவேண்டும்.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. அவசரக் கூட்டம். அன்று வள்ளியம்மா வாசற்படியில் நிற்கவில்லை. உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். துரைசிங்கம் வாசித்துச் சொன்னார். கூடுதல் மனை இல்லை. பட்டியல் தவறென்று குழு எழுதிக் கொடுத்தால், ஆபீசர் நேரில் வந்து ஒவ்வொரு வீடாக எண்ணிப் புதுப் பட்டியல் போடுவார்.

"நல்லதாப் போச்சு. வந்து எண்ணட்டும்" என்றார் துரைசிங்கம்.

வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

ஐயாவு தொண்டையைச் செருமினார். "கிராணி, ஒங்க வீடு கல்வீடு. ரோட்டோரம். எண்ணினாலும் எண்ணாட்டியும் ஒங்களுக்கு ஒண்ணுதான்."

"என்ன சொல்லுறீர்?"

"எண்ண வந்தா நாப்பத்தெட்டுதான் இருக்கும்" என்றான் வீரன். இந்தத் தடவை பகிடியில்லை. "ஒரு மனைய வாங்க பதினாலு மனைய திருப்பிக் குடுக்கணும். அது என்னா நியாயம்லா?"

வள்ளியம்மா நிமிர்ந்தாள். "பதினாலு வேணாம். ஒண்ணு குடுங்க. பதினாலுல யாராச்சும் ஒருத்தர், எனக்கு இது வேணாம்னு எழுதிக் குடுத்தாப் போதும்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! ஐயாவுவின் இளைய மகனுக்குத் தையில் கல்யாணம். வீரனின் தம்பி பொண்டாட்டி மாசமாக இருக்கிறாள். பதினாலு பேருக்கும் பதினாலு காரணம். எல்லாம் உண்மையான காரணங்கள். கடைசியில் அவள் என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். இவர் தே கிளாசுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தட்டோடு நின்ற என்னைப் பார்த்தாள். நான் காலி கிளாசுகளைப் பொறுக்கினேன்.

"தீர்மானம் எழுதுங்க கிராணி" என்றார் ஐயாவு. "அந்தப் பொண்ணோட கஷ்டத்துக்கு இந்தக் கூட்டம் ரொம்ப வருத்தப்படுது. திரும்ப எண்ண வேண்டியதில்ல."

துரைசிங்கம் ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். தலைமை வேண்டாமென்ற ஒரு கடிதத்தை அவர் முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவையும் அனுப்பியதில்லை. இப்போதும் அனுப்பவில்லை. எழுதினார். அழகான கையெழுத்து. அதன்பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை; அதனால் யாருக்கு என்ன லாபம்?

வீடுகளைப் பிரிக்க ஒரு வாரம் இருக்கையில் வள்ளியம்மா அடுப்படி ஜன்னலுக்கு வந்தாள்.

"அக்கா, நாளைக்கு அந்த ஆபீசர் வாறாராம். ஒங்க கடையிலதான் தே குடிப்பாரு. நீ ஊரு கதையெல்லாம் பேசுவ. பேச்சோட பேச்சா, இங்க நாப்பத்தெட்டு வீடுதான்னு ஒரு வார்த்த சொல்லு. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்ல வேணாம்."

"பாக்கலாம்" என்றேன்.

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாந்தான். எண்ணெ காயுது, நவுரு."

மறுநாள் ஆபீசர் வந்தார். கடையில் அப்போது வேறு யாருமில்லை. இவர் சந்தைக்குப் போயிருந்தார். தேயை ஆற்றி அவர் முன் வைத்தேன். மழையைப் பற்றிப் பேசினார். எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். சாலைக்கு அந்தப் பக்கம் கடை நன்றாக ஓடும் என்றார். கிளாஸ் காலியாகும்வரை நான் மேசையைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அந்த மேசையில் துடைக்க ஒன்றுமில்லை.

"சீனி போதுமா?" என்று கேட்டேன்.

போதும் என்றார்.

வெள்ளிக்கிழமை வள்ளியம்மா தன் வீட்டைத் தானே பிரித்தாள். ஆணிகளைப் பிடுங்கித் தனியாக ஒரு டின்னில் போட்டாள். ஈஜோக் பக்கம் செல்லனின் தூரத்துச் சொந்தம் யாரோ இருக்கிறார்களாம். பலகைகளை ஏற்றிய லோரி எங்கள் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். வாழையிலையில் சோறு கட்டி வைத்திருந்தேன். சத்தம் கேட்டதும் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

ஈஜோக்கிலிருந்து வருகிறவர்கள் இன்னமும் எங்கள் புதுக் கடையில் தே குடிக்கிறார்கள். யார் வீட்டில் என்ன, யார் மகள் யாரோடு என்று எல்லாவற்றையும் அவர்களிடம் விசாரிக்கிறேன். வள்ளியம்மாவைப் பற்றி மட்டும் ஒருவரையும் கேட்டதில்லை.