லேடீஸ் பெட்டியின் இரண்டாவது ஜன்னல்

இந்திய ரயில் வரலாற்றில் ஓசூருக்கு உரிய இடத்தை இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை. சென்னைப் புறநகரில் கால் நூற்றாண்டு காலம் லட்சோப லட்சம் மக்களைச் சுமந்து, நசுக்கி, பிதுக்கி, நேரத்துக்கோ நேரம் தவறியோ கொண்டுபோய்ச் சேர்த்த மின்சார ரயில் பெட்டிகள் தங்கள் பிறவிக் கடனை முடித்துக்கொண்டது இந்த மண்ணில்தான். இதைச் சொன்ன வாயோடு இன்னொன்றையும் சொல்லிவிடுவது நல்லது. ஓசூரில் மின்சார ரயில் ஒருநாளும் ஓடியதில்லை. அது கிருஷ்ணகிரி வழியாக லாரியில், பழைய இரும்பாக வந்தது. பெட்டிகள் என்று பன்மையில் சொன்னதும் ஒரு மரியாதைக்குத்தான். வந்தது ஒரு பெட்டி. அதிலும் பாதி.

இந்த வரலாற்றின் ஒரே ஆசிரியர் ராயப்பன். சிப்காட்டில் மொபெட்டுக்கு பிரேக் டிரம் வார்க்கும் பவுண்டரி ஒன்றில் ஃபிட்டர். அதற்கு முன்பு தாம்பரத்தில் மின்சார ரயில் ஷெட்டில் இருந்தார். “நான் ரயில்வேயில இருந்தப்போ” என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார். ரயில்வேயில் இருந்தது அவரை வேலைக்கு வைத்திருந்த காண்டிராக்டர். காண்டிராக்டர் போனதும் ராயப்பனும் போனார். அது எழுபத்தைந்தாம் வருஷம். அந்தச் சமயம் ஓசூரில் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்ததால், மனைவி தேவமணியோடு இங்கே வந்து சேர்ந்தார். உடம்பு மட்டும்தான் வந்தது என்று பவுண்டரியில் சொல்வார்கள்.

டீ இடைவேளையில் அவர் வாய் திறந்தால் ஸ்தல புராணம்தான். எந்தப் பெட்டியின் விசிறி மழைக்காலத்தில் மட்டும் சுற்றும், எந்தப் பெட்டி சைதாப்பேட்டை வெள்ளத்தில் முழங்கால் வரை நின்று பிழைத்தது, எந்தப் பெட்டிக்கு எப்போது பெஞ்சு மாற்றினார்கள், மாற்றிய பெஞ்சு முதல் பெஞ்சுக்கு எந்த வகையில் இணையாகாது என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஜாதகம் சொல்வார். பெங்களூரிலிருந்து சேலத்துக்குப் போகும் பாசஞ்சர் ஓசூர் ஸ்டேஷனில் வந்து இரைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“ஏண்ணா, உன் கரண்டு ரயிலு நம்ம ராயக்கோட்டைக்கு வருமா?” என்று கேட்பான் உலை மேஸ்திரி திம்மராயன். அவனுக்கு ராயக்கோட்டையில் தக்காளித் தோட்டம் இருந்தது.

“மேல கம்பி இழுக்கணும்பா. கரண்டு குடுக்கணும்.”

“எங்க ஊட்டுக்கே கரண்டு வர்றதில்ல. ரயிலுக்கு எங்கண்ணா போறது? வந்தாலும் பாதி வழியில நின்னுக்கும். தக்காளி அழுகிப் பூடும்.”

எல்லோரும் சிரிப்பார்கள். ராயப்பன் சிரிக்கமாட்டார். அவர் சொல்கிற வரலாறு முழுவதும் ஒரு பெட்டியை, அந்தப் பெட்டியில் ஒரு ஜன்னலைச் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தது. அதை மட்டும் டீ இடைவேளையில் சொல்வதில்லை.

தாம்பரத்தில் இருந்த நாட்களில் இரவு ஷிஃப்ட் முடிந்து பல்லாவரத்தில் இறங்குவார். இறங்கியதும் வீட்டுக்குப் போகமாட்டார். பிளாட்பாரத்தில் ஒரு தூணடியில் நின்று அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார். அந்த வண்டியின் லேடீஸ் பெட்டியில், இரண்டாவது ஜன்னலில் தேவமணி உட்கார்ந்திருப்பாள். எழும்பூரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். வண்டி நின்றதும் தலையைத் திருப்பி, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அவரை நேராகப் பார்ப்பாள். கண் இமைக்கமாட்டாள். வண்டி நகர்ந்த பிறகும் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள். ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சை ராயப்பன் தன் கண்ணால் கண்டிருக்கிறார். வேறு எந்தப் பெண்ணும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. எந்தப் பெண்ணும் எப்படியும் பார்த்ததில்லை என்பதே சரி. பங்குச் சாமியாரைப் பிடித்துப் பெண் கேட்டார். கொடுத்தார்கள்.

கல்யாணத்தோடு அந்தப் பார்வை நின்றுபோனது. தேவமணியைக் குறை சொல்ல முடியாது. மீன் குழம்பு வைத்தாள், சண்டை போட்டாள், காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், ஓசூருக்கு வந்த பிறகு கோர்ட்டுக்கு எதிரில் ஒரு வக்கீலிடம் டைப்பிங் வேலைக்கும் போனாள். முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் அந்தப் பார்வை வேறு. அது எங்கே போயிற்று என்று அவளிடம் கேட்கவும் முடியாது. கேட்கிற விஷயமா அது? இத்தனை வருஷமும் யோசித்து ராயப்பன் கண்டுபிடித்த காரணம் ஒன்றுதான்: ஜன்னல் இல்லை. அந்த ஜன்னலுக்குப் பின்னால் அவள் ஒருமுறை உட்கார்ந்தால் போதும், பார்த்துவிடுவாள். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு பார்வை. ஒன்றே ஒன்று.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பவுண்டரி முற்றத்தில் லாரி வந்து பழைய இரும்பைக் கொட்டியது. ராயப்பன் அந்தப் பக்கமாகப் போனவர் நின்றுவிட்டார். குவியலின் மேல் ஒரு பெட்டியின் பக்கவாட்டுச் சுவர் கிடந்தது. ‘பெண்க’ வரைக்கும் எழுத்து இருந்தது. மீதி இன்னொரு லாரிக்குப் போயிருக்க வேண்டும். இரண்டாவது ஜன்னலின் கீழே ஓர் ஒட்டுத் தகடு, கோணலாக. உலகத்தில் அவ்வளவு கோணலாக ரிவெட் அடிக்கக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அதற்காக ஷெட்டில் வாங்கிய திட்டு அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

தினமும் அதே பெட்டியா அந்த வண்டியில் வந்திருக்கும் என்று கேட்பவர்கள் கேட்கலாம். வராது. பெட்டிகள் மாறி மாறித்தான் வரும்; அது ராயப்பனுக்கும் தெரியும். ஒட்டுத் தகடு வராத நாட்களை அவர் மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

நேரே மேனேஜர் சென்னகிருஷ்ணனிடம் போனார். மேனேஜர் அப்போதுதான் பெங்களூரில் மூன்று நாள் நிர்வாகப் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். எதைக் கேட்டாலும் எழுந்து நின்று பதில் சொன்னார்.

“ஒரே ஒரு ஜன்னல் சார். எடைக்கு என்ன விலையோ சம்பளத்துல புடிச்சிக்கங்க.”

“ராயப்பன், நிறுவனம் என்பது என்ன?” என்றார் மேனேஜர் எழுந்து. “நிறுவனம் என்பது ஒரு கொள்கை. இன்னைக்கு நீ ஜன்னல் கேப்ப. நாளைக்கு ஒருத்தன் கதவு கேப்பான். மறுநாள் நான் எதை உருக்கறது? அதுவும் இல்லாம, பத்து வருஷ சர்வீசுக்குக் கம்பெனி உனக்கு ஏற்கெனவே ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்திருக்கு.”

லீவு முடிந்ததும் முதல் வேலையாக அந்தக் குவியலைத்தான் உலையில் போட வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். கொள்கை என்றால் உடனே நிறைவேற்ற வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் பூஜை. மெஷின்களைத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை வாங்கி வைத்திருந்தார்கள். சந்தனக் கிண்ணமும் குங்குமமும் கையுமாக ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள் முற்றம் பெருக்கும் கெம்பம்மா. ராயப்பன் அவளை மூலைக்கு அழைத்தார்.

“கெம்பம்மா, ஒரு பொட்டு வேணும்.”

“நீ வேதக்காரன், உனக்கு எதுக்குண்ணா பொட்டு?”

“எனக்கில்லம்மா. ஒரு ஜன்னலுக்கு.”

கெம்பம்மா ஜன்னலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் வைத்தாள். ராயப்பன் நிம்மதியாகப் பொரி வாங்கப் போய்விட்டார். அவர் கணக்கில் வராதது கெம்பம்மாவின் நியாய உணர்வு. ஒன்றுக்கு வைத்து மற்றதற்கு வைக்காமல் விடுவது குற்றம் என்று பட்டது அவளுக்கு. குவியல் முழுவதற்கும், ஆணி முதல் அச்சு வரை, குனிந்து குனிந்து வைத்து முடித்தாள்.

லீவு முடிந்து வந்தால் பவுண்டரியில் உருக்க இரும்பு இல்லை. முற்றம் நிறைய இரும்பு இருந்தது. எல்லாம் பொட்டோடு இருந்தது. திம்மராயன் உலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“பொட்டு வெச்சத உள்ள போட மாட்டேன் சார்.”

“மெஷினுக்கும்தான்யா பொட்டு வெச்சிருக்கு, ஓட்டலயா?” என்று கத்தினார் மேனேஜர்.

“ஓட்டறது வேற சார், உருக்கறது வேற. மாட்டுக்குப் பொட்டு வெச்சிட்டு மறுநாள் வெட்டறமா?”

“இது இரும்பு!”

“உலையும் இரும்புதான் சார். அதுக்கு நீங்கதான கற்பூரம் காட்டி, கன்னத்துல போட்டுக்கிட்டீங்க?”

இதற்குப் பயிற்சியில் விடை சொல்லித் தரவில்லை. உலை சும்மா கிடந்தது. மொபெட் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார். நாற்காலியின் முதுகிலும் பொட்டு இருந்தது. கடைசியில், கொள்கையைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம், இதற்குப் பரிகாரம் என்ன என்று திம்மராயனையே கேட்டார்.

திம்மராயன் கண்ணை மூடிக்கொண்டான். பெரியவர்கள் எல்லோரோடும் மனசுக்குள் கலந்தாலோசிப்பவன் போல நின்றான்.

“எதுக்கு மொதல்ல பொட்டு வெச்சாங்களோ, அத வேண்டிக்கிட்டவங்க ஊட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிரணும். மீதிய அவங்க கையாலயே மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவணும். அப்பறம் தோஷமில்ல.”

இப்படி ஒரு வழக்கம் அந்த வட்டாரத்தில் அதற்கு முன்பும் கிடையாது, பிறகும் கிடையாது. கெம்பம்மா மட்டும், “ஆமாங்க சார், எங்க கெலவரப்பள்ளிப் பக்கம் அப்படித்தான்” என்று ஒத்து ஊதினாள்.

ஞானஸ்நானம் பெற்ற ராயப்பன் அன்று பகல் முழுக்க மஞ்சள் தண்ணீர் வாளியோடு தண்டவாளத் துண்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் ஸ்நானம் செய்வித்தார். மாலையில் கேஸ் கட்டரால் அறுத்த ஜன்னலைத் திம்மராயனும் அவருமாகச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். ‘ரயில்வே பாரம்பரியத்துக்கு நிறுவனத்தின் எளிய காணிக்கை’ என்று மேனேஜர் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினார்.

“இத்த வெச்சி என்னாண்ணா பண்ணுவ?” என்றான் திம்மராயன் வழியில்.

“பாக்கணும்பா,” என்றார் ராயப்பன்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவரை உடைத்து ஜன்னலைப் பதித்தார். தேவமணி வேலை முடிந்து வந்து பார்த்தாள்.

“செவுத்த ஒடைக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“உனக்காகத்தான்.”

“எனக்கா? நான் கேட்டது அலமாரி.”

அந்தச் சுவரில் மாட்டியிருந்த கம்பெனிக் கடிகாரத்துக்கு இடமில்லாமல் போயிற்று. எதிர்ச் சுவரில் ஆணி அடித்து அங்கே மாட்டினார்.

பிறகு காத்திருந்தார். தேவமணி காலையில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்து காய் நறுக்குவாள். ராயப்பன் கூடத்தில், எதிர்ச் சுவரில் முதுகு படும்படி, பல்லாவரத்தில் நின்ற மாதிரியே நிற்பார். ஷிஃப்ட் இல்லாத நாளில்கூடத் தலையைப் படிய வாரிக்கொண்டு நின்றார்.

“என்ன, காபியா?” என்பாள் கத்திரிக்காயைப் பார்த்தபடி.

“இல்ல. சும்மா.”

அவருக்குத் தலை நரைத்திருந்தது, அவளுக்கும்தான். ஜன்னல் கம்பி மட்டும் பழைய கம்பி. ஒட்டுத் தகட்டை அவர் தினமும் துணியால் துடைத்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை. அடுப்பில் குக்கர் சத்தம் போடாமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. தேவமணி கோர்ட்டுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு முக்காலியில் இருந்தாள். தலையை நிமிர்த்தினாள். கம்பிகளுக்கு நடுவே அவரை நேராகப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை. எழுந்து நகர்ந்தபோதும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

ராயப்பன் படிய வாரிய தலையை இன்னொரு முறை தடவிக்கொண்டார்.

“தேவமணி,” என்றார். “அப்பவும் இப்படித்தான் பாத்த.”

“எப்போ?”

“பல்லாவரத்துல. இதே ஜன்னல்ல உக்காந்துகிட்டு. தினமும்.”

தேவமணி கையில் கத்தியோடு கொஞ்சம் யோசித்தாள்.

“ஆமா,” என்றாள். “அங்கயும் தினம் லேட்டுதான். கொஞ்சம் தலைய நவுத்துங்க, பெரிய முள்ளு மறைக்குது.”

ராயப்பன் நகர்ந்து, அண்ணாந்து பார்த்தார். கம்பெனிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பல்லாவரத்தில் அவர் நின்ற தூணிலும் ஒரு கடிகாரம் இருந்தது.