ஓட்டைக் காலணா கேட்டு வந்தவர்

உண்ணாமலை கழுவி வைத்த காசைக் கேட்டு அதன் பழைய சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தது 1974 ஆனி மாதத்தில். உயிரோடு இருந்தவர்கள் திருச்செங்கோட்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். செத்தவர்கள் நடந்து வந்தார்கள். முதலில் வந்தவள் குமாரபாளையத்துத் தறிக்காரி. மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது அழுதுகொண்டே விற்ற விக்டோரியா ராணி வெள்ளி ரூபாயைக் கேட்டாள். அடுத்து வந்த பெரியவர் முழங்கால்வரை பனமரத்துப்பட்டி ஏரிச் சேற்றோடு நின்றார். கொடுத்த மோரைத் தொடவில்லை. காசு கைக்கு வந்ததும் திரும்பி நடந்தவர் களத்தைத் தாண்டுவதற்குள் காணாமல் போனார். விசாரித்ததில், அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து வாசலில் ஒரு சொம்பு மோர் தயாராக இருக்கும். குடித்தால் உயிருள்ள ஆள், குடிக்காவிட்டால் இல்லாத ஆள்.

காசுகள் சங்ககிரியில் லாரி ஆபீஸ் வைத்திருந்த வேலுசாமியுடையவை. பழங்காசு சேர்ப்பதில் அவருக்குப் பைத்தியம். டிரைவர்கள் போகிற ஊரிலெல்லாம் வாங்கி வந்து கொடுப்பார்கள், அவர் அதைக் கூலிக்குக் கழுவக் கொடுப்பார். மற்றவர்கள் புளி போட்டுத் தேய்த்தார்கள். காசு பளபளக்கும், ராஜாவின் மூக்கு போய்விடும். உண்ணாமலை தேய்க்கவே மாட்டாள். மூன்று நாள் விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு, பூந்திக்கொட்டை நுரையைக் கோழியிறகால் தடவி, தவிட்டில் புதைத்து எடுப்பாள். ராஜா தாடியின் ஒவ்வொரு மயிரும் தெரியும். பத்துக் காசில் எட்டுக்கு யாரும் வருவதில்லை. மனசோடு செலவழித்தவன் எதற்கு வரப்போகிறான்? மனமில்லாமல் கைவிட்டவர்கள்தான் வந்தார்கள். அந்த இரண்டு காசுக்காக வேலுசாமி பத்து வருஷமும் புலம்பினார்.

“ஏம்மா, எங்காச எவனோ வந்து கேட்டா எடுத்து நீட்டிருவியா?”

“ஆள் வந்து கேட்டா குடுத்துரோணுமுங்க. அது அவிய காசு. அவிய ஊடு போய்ச் சேரட்டுமுங்க.”

அந்த விஷயத்தில் அவளை யாராலும் அசைக்க முடியவில்லை. அவளைவிடச் சுத்தமாகக் கழுவ வேறு ஆளும் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு காசை மட்டும் அவள் கழுவாமல் வைத்திருந்தாள். அது நடுவில் துளை போட்ட ஓட்டைக் காலணா. அவள் புருஷன் செங்கோடன் சின்ன வயதிலிருந்து அரைஞாணில் கோத்துக் கட்டியிருந்தது. 1973-இல் போர்வெல் போடும் ரிக் லாரியில் வடக்கே கிளம்பிய அன்று கயிறு அறுந்துவிட்டது. லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. “வந்து கட்டிக்கறேன் புள்ள, பத்திரமா வெச்சிரு” என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஏறினான். லாரி திரும்பி வந்தது. ஆள் வரவில்லை. நாக்பூருக்கு அந்தப்பக்கம் டீக்கடையில் இறங்கினான், அப்புறம் தெரியாது என்றார்கள். காசைக் கழுவினால் ஆள் வந்துவிடும். ஆனால் பஸ்ஸில் வருவானா, நடந்து வருவானா? அந்தப் பயத்தில்தான் உண்ணாமலை பதினோரு வருஷம் அதை அரிசிப் பானையில் போட்டு வைத்திருந்தாள். பாவம், அவள் வேறென்ன செய்வாள்?

1984-இல் மகள் தெய்வநாயகிக்குக் கல்யாணம் நிச்சயமானது. செங்கோடனின் அக்கா முத்தாயம்மாள் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் மனசில் கள்ளமில்லை, வாயில் தடையுமில்லை.

“பந்தக்கால் நடறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லு சாமி. புள்ளைக்குத் தாலித்தட்டு சுமங்கலியா நீ புடிக்கறயா, இல்ல அறுத்தவளா ஓரமா நிக்கப்போறயா? எந்தம்பி இருக்கறானா இல்லையா?”

உண்ணாமலை எழுந்து, அரிசிப் பானையிலிருந்து காலணாவை எடுத்து எண்ணெயில் போட்டாள்.

தவிட்டிலிருந்து எடுத்த அன்று மத்தியானம் பஸ் வந்து நின்றது, ஒருவரும் இறங்கவில்லை. பஸ் கிளப்பிய புழுதி அடங்கியபோது, சோளக்காட்டு வரப்பில் செங்கோடன் நடந்து வந்துகொண்டிருந்தான். போனபோது இருந்த அதே முப்பத்திரண்டு வயது, அதே காக்கிச் சட்டை, தலையெல்லாம் பாறைப்பொடி. அவள் வாசல் சொம்பை எடுத்தாள். மோரை நீட்டினாள்.

“வேண்டாம் புள்ள. காசக் குடு, கெளம்போணும்.”

சொம்பை வைத்துவிட்டு, ஐயோ என்று ஒரே ஒரு தடவை வாய்விட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலணாவைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் இறுகச் செருகினாள்.

“கண்ணாலம் முடியட்டும், தாரேன்” என்றாள்.

காசு கைக்கு வராமல் செத்தவர்களால் திரும்பிப் போக முடியாது. செங்கோடன் பந்தலில் கையை நீட்டியபடி நின்றான். இப்படி ஒரு சங்கதிக்கு ஊரில் முறை ஏதும் இல்லை. ஆள் கண்ணெதிரே நிற்கும்போது பேச்சென்ன என்று தாலித்தட்டை உண்ணாமலையிடமே கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்ததும் மாசி போகட்டும் என்றாள். மாசி போனதும் மழை பெய்யட்டும் என்றாள். சோறு செலவில்லாத தம்பி என்று முத்தாயம்மாள் ஊரெல்லாம் பெருமையடித்தாள்.

அடுத்த வருஷம் காசு கொண்டுவந்த வேலுசாமிக்குப் பொறுக்கவில்லை.

“எங்காசையெல்லாம் வாரிக் குடுத்தயே, உம் புருசனுக்கு மட்டும் நாளைக்கு, நாளைக்கா? இது நாயமா?”

“மத்தவிய காச வாங்கிட்டு அவியவிய ஊட்டுக்குப் போனாங்க. இவருக்கு ஊடு இதுதானுங்களே!”

வேலுசாமி நுரைக் கிண்ணத்திலிருந்த கோழியிறகை எடுத்தார். அதைச் செங்கோடன் நீட்டிய கையில் வைத்துவிட்டுப் போனார். 1989 தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவர், செங்கோடன், வயது முப்பத்திரண்டு, தொழில் காசு கழுவுதல் என்று எழுதிக்கொண்டார். காலையில் எழுந்ததும் அவன் காசைக் கேட்பான், அவள் நாளைக்கு என்பாள், இரண்டு பேரும் வேலைக்கு உட்காருவார்கள்.