கீறல் இல்லாத எஞ்சின்

ஆபீசர் வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், என் வீட்டுக்காரர் தங்கையாவுக்குக் கை சும்மா இருக்காது. சிலோனில் தோட்டத்துத் துரை வருகிற அன்றைக்கு கூலிக்காரர் குடியிருக்கிற லயத்தின் முன்சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பார்கள். பின்சுவர் இடிந்து கிடக்கும். அந்தப் பழக்கமும் அவரோடு கப்பலேறி வந்துவிட்டது.

குந்தாப் பக்கம் ஓர் அணையில் அவர் மோட்டார் படகு ஓட்டினார். தினக்கூலிதான். ஆனால் படகுக் கொட்டகையை ஒட்டி ஓர் அறை கொடுத்திருந்தார்கள். மண்டபம் முகாம், அப்புறம் கூடலூரில் ஒரு எஸ்டேட் என்று ஏழு வருஷமாய் மூட்டை தூக்கினவர்களுக்கு அது அரண்மனை. படகு இருக்கிறவரைக்கும் அறை. அதுதான் பேச்சு.

எஞ்சினுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி. பாறையில் உரசி உரசி மேலெல்லாம் வெள்ளைக் கீறல். கைப்பிடியும் தேய்ந்துவிட்டது. உள்ளே சூடு தணிக்கத் தண்ணீர் இழுக்கிற பிளாஸ்டிக் சக்கரம் பல்லுப் போன கிழவி. கால் மணி நேரம் ஓடினால் எஞ்சின் சூடேறி நின்றுவிடும். பிறகு துடுப்புத்தான்.

"கீறலப் பாத்தா, ஓட்டத் தெரியாதவன்னு நிப்பாட்டிருவாங்க சின்னம்மை" என்றார் என்னிடம்.

மூன்று நாள் உட்கார்ந்தார். மெழுகுவத்தியை உருக்கி, விளக்குக் கரியைக் குழைத்து, ஒவ்வொரு கீறலிலும் அடைத்தார். பழைய பிளேடால் மட்டமாகச் சீவினார். என் தலைக்கே இல்லாத தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தார். மூடியில் முகம் தெரிந்தது. கெட்டிக்காரர்தான், அதை இல்லையென்று சொல்ல முடியாது.

ஆபீசர் இராஜமாணிக்கம் கோயமுத்தூரிலிருந்து வந்தார். மூடியைத் தடவிப் பார்த்தார். திறந்து பார்க்கவில்லை.

"ஏனுங்க தங்கையா, புதுசாட்டவே இருக்குதுங்களே! மூணு அணையில பாத்தாச்சு, எல்லாம் சொத்தை. அவலாஞ்சி அணைக்கு நல்ல எஞ்சினா ஒண்ணு வேணும்னுதான் தேடிட்டு வந்தேன். இதையே எடுத்துக்கறனுங்க."

"அப்ப இங்க படகு?" என்று நான் கேட்டேன்.

"இங்க இனி வேண்டாங்க. அங்க ஓட்டறதுக்கு ஆள் இருக்குது. மாசக் கடைசிக்குள்ள அறையை ஒழிச்சுக் குடுத்துருங்க."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். கீறலோடு விட்டிருந்தால் எஞ்சின் இங்கேயே கிடந்திருக்கும், நாங்களும் கிடந்திருப்போம். "சொல்லுங்களேன்" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நானே சொன்னேன். "உள்ளுக்கு எல்லாம் தேஞ்சி போச்சிங்க ஐயா. மேல மெழுகு பூசி வச்சிருக்கு. நட்ட நடுத் தண்ணியில நின்னுரும்."

ஆபீசர் சிரித்தார். "ஊட்ட உட்டுப் போக மனசில்லாம பேசறீங்க."

கொண்டை ஊசியை உருவி மூடியின் மேல் ஒரு இழுப்பு இழுத்தேன். மெழுகு சுருண்டு வந்தது. அடியில் பழைய வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

"ஏம்மா, கவர்மெண்டு சாமானை எங்கண்ணு முன்னாடியே கீறறியா?" என்று கத்தினார். பக்கத்தில் நின்ற கிளார்க்கிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார்: கீறல் ஒன்று, ஓட்டுநர் மனைவி போட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. ஊசியைத் திரும்பக் கொண்டையில் செருகினேன். அடுத்து எந்த ஊர் என்று யோசிக்கவும் தோன்றவில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் அசைந்தார். உண்மையைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"மன்னிச்சிருங்க தொரை. தெரியாமப் பண்ணிட்டா. இப்பவே சரி பண்ணிர்றேன்" என்று மண்டி போட்டார். சுருண்டு கிடந்த மெழுகை விரலில் எடுத்து, நான் போட்ட கோட்டின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். கோடு மறைந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி ஆபீசரின் முகத்தைப் பார்த்தார், சரியாக இருக்கிறதா என்று.