பதினோராவது சாவி

நோட்டில் இருந்த பென்சில் தடத்தின் மேல் சாவியை வைத்துப் பார்த்தபோது பல்லுக்குப் பல் பொருந்தியது. சாவிக்காரம்மா அதை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் பொருந்தியது. பொருந்தாமல் போய்த் தொலையக் கூடாதா என்று பாதி இறக்கிய ஷட்டருக்குள் தனியாக நின்று வாய்விட்டே கேட்டாள். அது அவள் மகள் குடியிருந்த அறையின் சாவி. தடத்துக்குக் கீழே சாவிக்காரம்மாவின் கையெழுத்திலேயே ‘பின்கேட்’ என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே மகள் இருந்த கட்டிடத்து மேனேஜரின் கையெழுத்து, வால் நீட்டி, அடியில் இரண்டு கோடு இழுத்து, ஏதோ பெரிய சாதனை செய்தவன் மாதிரி.

அந்த நோட்டு அவள் கடைக்கென்று அவளே வைத்துக்கொண்ட வழக்கம். வண்டிச் சாவி, பெட்டிச் சாவி எதுவும் கேள்வி கிடையாது. வீட்டுச் சாவி என்றால் மட்டும் காகிதத்தை அதன் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தடம் எடுப்பாள், எந்தக் கதவு என்று கேட்டு எழுதுவாள், கொண்டு வந்தவரிடம் கையெழுத்து வாங்குவாள். இந்தம்மா ஒரு சாவிக்கு இத்தனை ஜாதகம் பார்க்குதே என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். நான் போட்ட சாவியை ஆயிரம் சாவிக்கு நடுவில் போட்டாலும் கண்டுபிடிப்பேன் என்று அவளும் வாய் ஓயாமல் பீற்றிக்கொண்டதுண்டு. அந்தப் பீற்றல்தான் இப்போது செருப்பால் அடித்தது. கூட்டம் நெரித்த ஒரு காலையில் மேனேஜர் பதினொரு சாவிகளைக் கொத்தாகக் கொண்டு வந்தான். பதினொன்றுக்கும் தடம் எடுத்தாள், பதினொன்றையும் மெஷினில் கொடுத்தாள். தன் கையால் மகள் அறைக்குப் பூட்டு மாட்டியவள், அந்தப் பூட்டின் சாவி கையிலேயே இருந்தும் பார்க்கவில்லை.

மகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வீடு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம் என்பதால், கடைத்தெருவுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் தங்கும் கட்டிடத்தில் ஓர் அறை எடுத்திருந்தாள். அம்மா பழைய பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டினாள். மூன்றே சாவி. இரண்டு மகளிடம், ஒன்று அம்மாவிடம். ஒரு தடவை குழாய் ஒழுகியபோது, ரிப்பேர்க்காரனை உள்ளே விட மகள் ஒரு சாவியைக் காலையில் மேனேஜரிடம் கொடுத்துவிட்டுப் போய், சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. ஒரு மாதம் கழித்து, அவளுடைய வார விடுமுறை நாளில், பட்டப்பகலில், அந்தப் பாவி உள்ளே வந்தான்.

மகள் அன்றைக்கே அம்மாவிடம் சொன்னாள். அம்மா அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனாள், ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும். ஆனால் பூட்டு உடையவில்லை, கதவில் ஒரு கீறல் இல்லை. மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அந்தப் பொண்ணே கூப்பிட்டுச்சு, அதுவே கதவைத் திறந்துச்சு, இப்ப கதை மாத்துது என்றானாம். நான் சாவி போட்டேன்னா எந்தக் கடையில் போட்டேன், காட்டட்டுமே என்று சவால் வேறு விட்டானாம். விசாரிக்கிற அதிகாரியம்மா இதைச் சொன்னபோது சாவிக்காரம்மாவுக்கு விளங்கவில்லை. நோட்டைப் பார்த்த பிறகு விளங்கியது. அவனுக்கு எல்லாம் தெரியும். இவள் யாருக்கு அம்மா என்று தெரிந்தேதான் இவள் கடைக்கு வந்திருக்கிறான். இந்த நோட்டை இவள் எந்தக் காலத்திலும் வெளியே எடுக்க மாட்டாள், எந்த அம்மாதான் எடுப்பாள் என்று கணக்குப் போட்டிருக்கிறான். அவன் குலம் விளங்குமா?

அவன் போட்ட கணக்கு தப்பும் இல்லை. இரண்டு நாள் அவள் நோட்டை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். உதவி மையத்திலிருந்து வாரம் ஒருமுறை வருகிற ஆலோசகரம்மா முதல் நாளே சொல்லியிருந்தாள்: ஏன், எப்படி என்று அவளைக் குடையாதீர்கள், அவள் சொன்னதை நம்புங்கள், எது செய்வதாக இருந்தாலும் அவளைக் கேட்டுச் செய்யுங்கள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்ட மகளுக்கு இப்போது மூடிய கதவு ஆகாது. குளிக்கும்போதுகூடக் கதவு ஒருக்களித்துத்தான் இருக்க வேண்டும். வாசலில் அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். தண்ணீர் விழும் சத்தம் நின்றால், “அம்மா, இருக்கியா?” என்பாள். இருக்கேன்டி என்பாள் அம்மா. அப்படி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவளுக்கு, அந்தச் சாவியைப் போட்டதே நான்தான் என்று சொல்ல எந்த வாய் வரும்? பெற்ற பெண் இனி தன் முகத்தில் விழிப்பாளா என்ற ஒரே பயம்தான் அவளுக்கு.

பயம் ஒரு பக்கம் என்றால் ஆத்திரம் மறு பக்கம். கொத்தின் முதல் சாவியைக் கொடுத்தபோது, இது நம்ம வீட்டுது என்று அவனே சொல்லியிருந்தான். அதன் தடமும் நோட்டில் இருந்தது. மூன்றாம் நாள் அவள் மெஷினைத் தொடாமல், கண்ணளவிலேயே அரம் பிடித்து ராவி, அவன் வீட்டுக்கு ஒரு சாவி செய்தாள். அவள் செய்ததிலேயே அழகான சாவி அதுதான். பிறகு நீள அரம் ஒன்றின் முனையைக் கல்லில் தீட்டினாள். கையால் சாவி போட்டவள் கையாலேயே முடித்துவிடுகிறேன் என்று கறுவிக்கொண்டாள். முதலில் அவன் வலது கை, பிறகு மற்றது என்று வரிசைகூட வைத்திருந்தாள். நினைக்க நினைக்க இனித்தது. பல நாளாக இறங்காத சோறு அன்றைக்கு இறங்கியது.

மதியத்தில் அவன் வீட்டுக்கு எதிரே போய் நின்றாள். அவன் தனி ஆள், சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் தூங்குவான் என்று விசாரித்து வைத்திருந்தாள். பையில் சாவி, அரம். தெருவைக் கடக்கப் போகும்போது அவனே வாயைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். அவளைப் பார்த்தான். பயப்படவில்லை.

“என்னம்மா, இன்னிக்குக் கடை லீவா?” என்று சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

தூங்கட்டும் என்று காத்திருந்தாள். குறட்டை வருகிற நேரம் வரும் என்று விரலால் அரத்தின் முனையைத் தடவிக்கொண்டே நின்றாள். மூன்றரை ஆனது. நான்கு மணிக்கு மகள் குளிக்க வேண்டும். இவள் போய் உட்காராவிட்டால் குளிக்க மாட்டாள், அப்படியே சுருண்டு கிடப்பாள். இன்றைக்கு இவள் உள்ளே போனால் நாளைக்கு அந்த வாசலில் யார் உட்காருவது? தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அன்றைக்குக் குளித்து வந்த மகளின் முன்னால் நோட்டையும் சாவியையும் அரத்தையும் வைத்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவன் கொண்டு வந்தான், நான் பார்க்கவில்லை, நான்தான் போட்டேன். மகள் நோட்டைப் பார்த்தாள். தன் சாவியை எடுத்துத் தடத்தின் மேல் வைத்தாள். சாவி போய் உட்கார்ந்ததும் முகம் செத்துப் போனது. எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் பேசவில்லை, குளிக்கவில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்தே இருந்தாள், எழுந்து போகச் சொல்லவும் ஆளில்லை.

மூன்றாம் நாள் காலையில் மகளே நோட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“நீ அவனக் குத்தியிருந்தா ஒரு நிமிஷத்துல செத்திருப்பான். எனக்கு அது பத்தாதும்மா. தினம் தினம் அவன் கதவப் பாத்துப் பயந்துட்டுக் கெடக்கணும். ஜெயில் கதவு, கோர்ட்டு கதவு, எல்லாத்தையும்.” மூச்சு வாங்கியது. “இந்த நோட்ட நான் குடுக்கறேன். நீ தொடாத.”

என்னை மன்னிப்பியா என்று அம்மா கேட்டே விட்டாள்.

“அத இப்பக் கேக்காத,” என்றாள் மகள்.

அவன் வீட்டுச் சாவியை மகள் சொன்னபடி அம்மா வைஸ் இடுக்கியில் பிடித்து இரண்டாக ஒடித்தாள்.

ஸ்டேஷனில் அன்றைக்கு அவனையும் வரச் சொல்லியிருந்தார்கள். அதிகாரியம்மாவின் அறைக்கு வெளியே எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். ஒன்றில் சாவிக்காரம்மா, மற்றதில் மேனேஜரும் அவன் வக்கீலும். மகள் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் முன்னால் நின்றாள். பக்கத்தைப் பிரித்து அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். அவன் கையெழுத்தை அவனே வாசித்துப் பார்க்கும் வரை பிடித்திருந்தாள். அவன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் நோட்டைப் பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இவன் கெட்டது கையால்.

மகள் உள்ளே போனதும் அதிகாரியம்மா கதவைச் சாத்த எழுந்தாள். வேண்டாம், திறந்தே இருக்கட்டும் என்றாள் மகள். அந்த ஆள் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறான், எல்லாம் கேட்குமே என்றாள் அதிகாரியம்மா. கேட்கட்டும் என்றாள் மகள்.

அவள் முதலிலிருந்து சொன்னாள். குரல் இரண்டு இடத்தில் நின்றது, பிறகு தானாகவே நடந்தது. அன்றைக்கு நடந்ததை முழுதாக அம்மா கேட்பது இதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் அவள் குடையவில்லை, மகளும் சொல்லவில்லை. கதவு திறக்கிற சத்தம் கேட்டதா என்று அதிகாரியம்மா மெதுவாகக் கேட்டாள்.

“கேட்டுச்சு மேடம். சாவி திரும்புற சத்தம். எங்கம்மா மதியத்துல கடைலருந்து வந்து செத்த நேரம் படுப்பாங்க. அம்மான்னு நெனச்சேன். கண்ணக்கூடத் தொறக்கல. தள்ளிப் படுத்து எடம் விட்டேன்.”

சாவிக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர் பெஞ்சில் மேனேஜர் வேர்த்து வழிந்தபடி எழுந்தான், வக்கீலிடம் ஏதோ முணுமுணுத்து வெளிவாசல் பக்கம் திரும்பினான். அவள் எழுந்து போய் அவனுக்கு முன்னால் நின்றாள். அவள் அவன் தோள் உயரம்கூட இல்லை. கை வெறுங்கைதான்.

“உக்காரு,” என்றாள். “அவ இன்னும் முடிக்கல.”

அவன் அவளைப் பார்த்தான். திறந்திருந்த கதவைப் பார்த்தான். பிறகு பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்தான். அவள் அவனை விட்டுக் கண்ணை எடுக்காமல் அங்கேயே நின்றாள். உள்ளே மகளின் குரல் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டிருந்தது.