ஒற்று மிகும் இடம்

"இங்க வாங்களேன், ஒரு நிமிஷம்" என்று மனைவி உள்ளறையிலிருந்து கூப்பிட்டபோது நான் ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தேன். சனிக்கிழமை. கிடங்கில் அரை நாள் வேலை, எட்டரைக்குப் பேருந்து. செருப்போடு உள்ளே போனால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் கழற்றிவிட்டுப் போனேன். அவள் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தன் காதிலிருந்து எடுத்து என் காதில் அழுத்தினாள். இரண்டு பேரும் கன்னம் ஒட்டக் குனிந்து கேட்டோம். ஒலிப்பதிவில் யாரோ ஒரு பேருந்து ஓட்டுநர், இடுப்பு வலியைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். "மூணு" என்று அவர் ஆரம்பித்ததும் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அது ஓய்ந்தபோது "மா நிமிரவே முடியல மேடம்" என்பது மட்டும் கேட்டது.

"மூணு வருஷமாவா, மூணு வாரமாவா?"

"வருஷம். மூணு வாரத்து வலிக்கெல்லாம் யாராவது பேட்டி எடுப்பாங்களா?"

"நீங்க யோசிச்சுச் சொல்றீங்க. நான் கேட்டுச் சொல்லச் சொன்னேன்."

"கேட்டுத்தான் சொல்றேன். வருஷம்."

"எனக்கென்னவோ வாரம்னுதான் விழுது. சரி போங்க, பஸ் போயிரும்."

போய்விட்டு வருகிறேன் என்று வாசலிலிருந்து சொன்னதற்குக் கையை மட்டும் ஆட்டினாள். அதற்குள் அவள் காதில் ஓட்டுநர் மறுபடியும் பேசத் தொடங்கியிருந்தார்.

பதினொன்றே காலுக்குக் கீழ்வீட்டுக்காரர் கிடங்கின் தொலைபேசியில் கூப்பிட்டார். மேலே ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஏறிப் போயிருக்கிறார்கள். சமையலறை வாசலில் கிடந்திருக்கிறாள். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். அந்த நாளைப் பற்றி எழுத என்னிடம் இதற்கு மேல் எதுவும் இல்லை.

பேச்சை எழுத்தாக்கும் வேலையை அவள் மூன்று வருடங்களாகச் செய்துகொண்டிருந்தாள். மகளைக் கல்லூரி விடுதியில் சேர்த்த வருடம், கிடங்கில் இரும்புச் சாமான்களைக் கணக்கெடுத்து நான் கொண்டுவரும் சம்பளம் எட்டவில்லை. கல்யாணத்துக்கு முன்பு தட்டச்சு நிலையத்தில் வேலை பார்த்தவள் அவள். விரல்கள் மறக்கவில்லை. சங்கக் கூட்டங்கள், ஆராய்ச்சிக்காரர்கள் எடுக்கும் பேட்டிகள், விசாரணைகள் என்று ஒலிப்பதிவுகள் வரும். பேசியதை அப்படியே பேசியபடி எழுதக் கூடாது. நல்ல எழுத்துத் தமிழில், அர்த்தம் மாறாமல் எழுதித் தர வேண்டும். முகம் தெரியாத ஒரு நிறுவனம், முகம் தெரியாத ஆட்கள். சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தால் மாலை வரை இருப்பாள். ஊரார் பேசுவதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, நான் வந்ததும் என்னிடம் கொட்டுவாள்.

அவள் எழுத்தில் ஒரே ஒரு குறை. ஒற்றுப் போட மாட்டாள். 'வேலைக்கு போனார்', 'கதவை தட்டினார்' என்றுதான் வரும். எனக்கு அது சோற்றில் கல் மாதிரி. விடுப்பு விண்ணப்பத்தில்கூட ஒற்று விடாதவன் என்பதால் கிடங்கில் என்னைப் புலவர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தோளுக்குப் பின்னால் நின்று, "வேலைக்குப் போனார். 'ப்' எங்க?" என்பேன்.

"அவரு 'ப்' போட்டாரா? எனக்குக் கேக்கலையே."

"கேக்கறதுக்கு அது என்ன சத்தமா? இலக்கணம்."

"ஒத்துப் போடறதுக்குன்னே அங்க ஒரு மேடம் இருக்காங்க. நானே போட்டுட்டா அவங்களுக்கு என்ன வேலை? ஒரு பொம்பள பொழப்புல மண்ணப் போடச் சொல்றீங்களா?"

அந்த மேடம், கோப்புகளைப் பிழைதிருத்துபவர். இவள் வைத்த பெயர் 'ஒத்து மேடம்'. தினமும் காலையில் கணினித் திரையின் மூலையில் அவருடைய செய்தி வரும்: 'வணக்கம் அக்கா. இன்று நான்கு கோப்புகள்.' இவள் 'சரி மேடம்' என்று அனுப்புவாள். மூன்று வருடப் பழக்கம் அவ்வளவுதான்.

அவள் போன ஒன்பதாம் நாள், வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, கணினியைத் திறந்தேன். மேடத்திடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தேன். 'அக்கா, கோப்பு வரவில்லையே, எல்லாம் நலம்தானே?' என்று மூன்று செய்திகள் இருந்தன. அவற்றுக்குக் கீழே ஓட்டுநரின் கோப்பு, பதினான்காவது நிமிடத்தில் நின்றபடி இருந்தது. 'மூன்று' என்று எழுதி, ஒரு கோடு போட்டு விட்டிருந்தாள். ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். ஹாரன். மறுபடி கேட்டேன். ஹாரன்தான். சரி, மேலே என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று ஓடவிட்டேன். இரண்டு நிமிடம் கழித்து ஓட்டுநர் சொன்னார்: "போன மாசம்கூட மூட்டை தூக்கினவன் நான்."

வாரம்தான்.

அவளிடம் சொல்வதற்காக நான் வாயைத் திறந்துவிட்டேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பது வாய்க்குத் தெரிய இரண்டு வினாடி ஆயிற்று. பிறகு கோட்டை அழித்துவிட்டு 'வாரங்களாக' என்று எழுதினேன். எழுதிய கை அப்படியே அடுத்த வரிக்குப் போனது. ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி, நிறுத்தி, பின்னால் போய், மறுபடி கேட்டு, மீதி இருபத்தாறு நிமிடப் பேச்சை முடிக்க எனக்கு ஒரு முழுப் பகல் ஆயிற்று. அனுப்பினேன். உடனே பதில் வந்தது. 'வந்துவிட்டது அக்கா. உடம்பு சரியில்லையா?'

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். 'இப்போது பரவாயில்லை மேடம்' என்று எழுதினேன்.

மறுநாள் காலையில், 'வணக்கம் அக்கா. இன்று இரண்டு கோப்புகள் மட்டும்.'

இதைப் படிப்பவர்கள், பணத்துக்காகச் செய்தான் என்று நினைக்கலாம். அதுவும்தான். கூலி முதலிலிருந்தே என் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. ஆனால் அந்த நாட்களில் நான் போன இடமெல்லாம் இறப்புச் சான்றிதழின் நகலைக் கேட்டார்கள். வங்கி, எரிவாயு, தொலைபேசி, காப்பீடு, நூலகம்கூட. ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் அவள் பெயரைக் கண்டுபிடித்து, அடித்து, முத்திரை குத்தினார். அவள் பெயரை இன்னும் யாரும் அடிக்காத ஒரே இடம் அந்தத் திரையின் மூலைதான். அங்கே ஒருவர் தினமும் அவளுக்கு வணக்கம் சொன்னார். நான் வாயைத் திறந்தால் அங்கேயும் போய்விடுவாள்.

வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு மணி நேரம், திரும்பி வந்து ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்தேன். ஒரு விரல் நான்கு விரலாயிற்று. இரண்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தபோது பின்னால் நின்று பார்த்தாள்.

"இது யாரு பேர்லப்பா போகுது?"

"அம்மா பேர்ல."

"அப்பா! தப்புப்பா. கண்டுபிடிச்சா என்ன ஆகும்?"

"எப்படிக் கண்டுபிடிப்பாங்க? மூஞ்சியா தெரியுது? எழுத்துதான?"

"அம்மா மாதிரியே எழுதறீங்களா?"

"அம்மாவ விட நல்லாவே எழுதறேன்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. அவள் சிரித்துவிட்டு, அப்புறம் சமையலறைக்குப் போய் நெடுநேரம் பாத்திரம் கழுவினாள்.

நான்காவது மாதம் எல்லோருக்கும் ஒரு பொதுச் செய்தி வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் அனைவரும் காணொளி அழைப்பில் முகம் காட்டி, அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். எனக்கு வியாழக்கிழமை காலை பத்து மணி என்று போட்டிருந்தது. அதாவது, அவளுக்கு.

அந்த ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. கிடங்கில் நட்டுப் பெட்டியில் போல்ட்டை எழுதி வைத்து, "புலவருக்கு என்னாச்சு?" என்று கேலிக்கு ஆளானேன். ஏமாற்றுக்காரன் என்பார்கள். பணத்தைத் திருப்பித் தரச் சொல்வார்கள். அது போகட்டும். இத்தனை நாள் ஒரு செத்த பொம்பளைக்கா வணக்கம் சொன்னேன் என்று அந்த மேடம் அருவருத்துப்போனால் என்ன செய்வேன்? என் பொய்யின் அழுக்கு அவள் பெயரில் ஒட்டிவிடுமே. பேசாமல் கணினியை மூடி அலமாரியில் வைத்துவிடலாம் என்று ஒரு நாள் முடிவு செய்தேன். காலையில் வணக்கம் வந்தது. 'சரி மேடம்' என்று எழுதினேன்.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்தேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டேன். என்ன சொல்வது என்று ஒரு தாளில் நான்கு வரி எழுதி, ஒற்றெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். பத்து மணிக்கு அழைப்பு வந்தது. திரையில், கண்ணாடி போட்ட, முடியை அள்ளிச் செருகிய ஒரு பெண். முப்பது வயதுதான் இருக்கும். இவ்வளவு நாள் ஐம்பது வயது என்று நினைத்திருந்தேன். பின்னால் ஒரு கட்டிலும் மடிக்காத துணிகளும் தெரிந்தன. அவரும் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறார்.

நான் தாளைத் தூக்கினேன். "மேடம், நான் வந்து..."

"அக்கா வீட்டுக்காரர்தான சார்?" என்றார்.

தாள் கையிலேயே நின்றது.

"அந்த டிரைவர் பேட்டி வந்ததே சார், அன்னிக்கே தெரியும். பதினாலாவது நிமிஷம் வரைக்கும் ஒரு ஒத்து கிடையாது. அதுக்கப்புறம் ஒண்ணுகூட விட்டுப்போகல. அக்கா கைக்கு ஒத்தே வராது. எனக்குத் தெரியாதா? மூணு வருஷமா எத்தன ஆயிரம் போட்டிருப்பேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உடம்பு சரியில்லன்னு நெனச்சேன். தேறி வந்து அக்காவே எழுதுவாங்க, பழையபடி ஒத்து இல்லாம வரும்னு பாத்துட்டே இருந்தேன். வரல."

"அந்தக் கோப்பு எழுதிட்டிருந்த அன்னிக்குத்தாம்மா" என்றேன். மேடம் என்று வரவில்லை. "பாதியில எழுந்து போனவதான்."

அவர் வீட்டில் எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. இந்த நான்கு மாதத்தில் காது அப்படிப் பழகிவிட்டது.

"தெரிஞ்சுமா தினமும் அக்கானு எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"நீங்களும்தான் மேடம்னு எழுதினீங்க. நானா எப்படிக் கேப்பேன் சார்? கேட்டா நீங்க நிறுத்திருவீங்களோன்னு இருந்துச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, திடீரென்று சிரித்தார். "ஆனா ஒண்ணு சார். நாலு மாசமா உங்க ஃபைல்ல எனக்கு வேலையே இல்ல. சும்மா திறந்து, சும்மா மூடறேன். இப்படியே போனா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

நான் சிரித்தேன். அந்த அறையில், அந்த மேசைக்கு முன்னால், வயிறு குலுங்கச் சிரித்தேன். "அவ அப்பவே சொன்னா, உங்க பொழப்புல மண்ணப் போடாதீங்கன்னு" என்றதும் அவரும் சிரிக்க, இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது எதற்கு வந்த தண்ணீர் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. 'ஒத்து மேடம்' என்கிற பெயரைச் சொன்னேன். "அப்படியா கூப்பிட்டாங்க?" என்று அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

பிறகு காரியத்துக்கு வந்தார். அக்காவுக்குப் பதில் வீட்டில் வேறொருவர் எழுதுகிறார் என்று மேலாளரிடம் நேற்றே பேசிவிட்டாராம். அக்காவின் கணக்கை மூடியாக வேண்டும், அதில் வேறு வழியில்லை. என் பெயரில் புதிதாக ஒன்று திறந்து தருவார். செய்த வேலைக்கு வந்த பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்குத் தமிழில் ஒரு தேர்வு உண்டு, அதை நான் இந்த நான்கு மாதக் கோப்புகளில் எழுதிவிட்டேன் என்று அவரே குறித்துக் கொடுத்துவிட்டார்.

"மூடினா, அவ பேரு?"

"செஞ்ச ஃபைல் எல்லாம் அவங்க பேர்லயே இருக்கும் சார். அத யாரும் தொட மாட்டாங்க. டிரைவர் பேட்டில மட்டும் ரெண்டு பேர் பேரும் போட்டிருக்கேன். பாதிப் பாதி."

அழைப்பு முடிந்ததும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. நான்கு மாதமாகத் தோளைத் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது அது இறங்கியபோதுதான் தெரிந்தது. பசித்தது. பாத்திரத்தில் முந்தின நாள் சோறு இருந்தது. தயிர் ஊற்றிப் பிசைந்து, நின்றுகொண்டே எல்லாவற்றையும் தின்றேன். மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஒத்துலயாப்பா மாட்டினீங்க?" என்று அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் என்னவென்று கேட்கும் சத்தம் வந்தது.

திங்கட்கிழமை முதல் எல்லாம் மாறிவிட்டது. திரைக்கு வேறு நிறம், எனக்கு வேறு எண். மூலையில் 'வணக்கம் அண்ணா. இன்று மூன்று கோப்புகள்' என்று வந்தது. 'சரிம்மா' என்று எழுதினேன். ஒரு குடியிருப்புச் சங்கத்தின் கூட்டம், தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஏழு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பேச்சை ஓடவிட்டு நிறுத்துவதற்கு மேசைக்கு அடியில் ஒரு மிதிகட்டை இருக்கிறது, தையல் இயந்திரத்துக்கு இருப்பது போலச் சின்னதாக. அவளுக்கு எதற்கும் இடது கால்தான் வாகு. அது நகராமல் இருக்க, இடது பக்கமாக வைத்து நான்கு முனையிலும் ஒட்டுநாடாவால் தரையோடு ஒட்டியிருந்தாள். எனக்கு வலது கால்தான் முந்தும். குனிந்து, நாடாவின் ஒரு முனையை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். தூசி படிந்து கறுத்திருந்தாலும் பிடி விடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, வலது காலை நாற்காலிக்கு அடியில் மடக்கிக்கொண்டேன்.

மிதிகட்டை இப்போதும் இடது பக்கம்தான் இருக்கிறது.